திருத்தியது யார்? – ஏட்டுச்சுவடி முதல் ‘டிராக் சேஞ்சஸ்’ வரை

இங்கே சாரல் காற்று வீசுகிறது. சூரியகாந்தி பூத்துவிட்டது. வழக்கம்போல் வரப்பில் நின்று படம் பிடிக்க வெளியூர்க் கார்களும் வந்துவிட்டன.

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு தம்ளர் காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

நம் பிள்ளைகளில் பலர் இப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறீர்கள். சிலர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நாலு பேர் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறீர்கள். உங்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று உண்டு. “சார், கைடு ஃபைலைத் திருப்பி அனுப்பியிருக்காங்க. பக்கம் முழுக்கச் சிவப்பா இருக்கு. ‘அக்செப்ட் ஆல்’ குடுத்துரட்டுமா?”

குடுக்க வேண்டாம் என்பதே என் பதில். ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது கம்ப்யூட்டருக்கு மிக முந்தியது. அதில் நம் திருநெல்வேலிச் சீமைக்கும், நம் தென்காசி–குற்றாலத்துக்கும் கூடப் பங்கு உண்டு.

*ஏட்டில் நடந்த திருத்தம்*

பனையோலை நிரந்தரம் இல்லை. பூச்சி அரிக்கும், ஈரம் தின்னும், ஓரம் நொறுங்கும். ஆகவே ஒரு நூல் பிழைத்திருக்க வேண்டுமானால் தலைமுறைக்குத் தலைமுறை யாராவது ஒருவர் அதைப் புது ஓலையில் பெயர்த்து எழுதியாக வேண்டும்.

பெயர்த்து எழுதுகிறவருக்கு முன்னால் இருக்கும் ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. ‘கொள’ என்று எழுதியிருந்தால் அது கொள்ளா, கோளா, கொளவா என்று இடம் பார்த்து அவர்தான் முடிவு செய்ய வேண்டும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். இத்தனை சந்தேகத்துக்கு நடுவே அவர் எழுதுகிறார். சில இடத்தில் கை தவறுகிறது. சில இடத்தில், “இது பிழை, நான் சரி செய்கிறேன்” என்று அறிந்தே மாற்றுகிறார். இன்னும் சில இடத்தில், தான் கட்டிய பாட்டு ஒன்றையும் நைசாக உள்ளே வைத்துவிடுகிறார்.

இப்படி நுழைந்ததற்குத்தான் நம் புலவர்கள் ‘இடைச்செருகல்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றைய கம்ப்யூட்டர் மொழியில் சொன்னால், டிராக் சேஞ்சஸை அணைத்துவிட்டுச் செய்த திருத்தம். செய்தவர் யார், எப்போது செய்தார், முன்னால் என்ன இருந்தது என்ற மூன்று கேள்விக்கும் அங்கே பதில் கிடையாது. கம்பராமாயணத்தில் எத்தனை பாட்டு கம்பருடையது என்று நூறு ஆண்டுக்கு மேலாக அறிஞர்கள் வாதாடி வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் நல்ல வழக்கமும் அப்போதே இருந்தது. பழைய உரையாசிரியர்கள் தாம் கொண்ட பாடம் ஒன்று, பிறர் கொண்ட பாடம் வேறொன்று என்றால், பல இடங்களில் அதையும் சொல்லிவிட்டுத்தான் மேலே போனார்கள். திருக்குறளில் மணக்குடவர் கொண்ட பாடம் சில இடத்தில் ஒரு மாதிரி இருக்கும், பரிமேலழகர் கொண்டது வேறு மாதிரி இருக்கும். பரிமேலழகர் பிறர் பாடத்தையும் பிறர் உரையையும் எடுத்துக்காட்டிவிட்டு, அது ஏன் பொருந்தாது என்று காரணம் சொல்வார். நமக்கு அவர் முடிவு பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் முடிவெடுக்க வேண்டிய சரக்கை அவர் நம் கையில் கொடுத்துவிட்டார்.

*கும்பகோணத்து வாத்தியார் விட்ட இடைவெளி*

இந்த வழக்கத்தை அச்சுக் காலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் உ.வே. சாமிநாதையர். அவரும் ஒரு வாத்தியார்தான். 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், “சிந்தாமணி படித்திருக்கிறீரா?” என்று கேட்ட கேள்விதான் அவரைப் பழைய ஏடுகள் பக்கம் திருப்பியது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சாகி வந்தது. அடுத்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு.

அவருக்கு ஆதரவாக நின்ற திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் நம் தென்காசியை அடுத்த மேலகரத்துக்காரர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் அதே மேலகரம். ஏடு தேடி ஐயர் நம் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்து, ஆழ்வார்திருநகரிக் கவிராயர்கள் வீட்டுச் சுவடிக்கட்டுகளை எல்லாம் அவிழ்த்துப் பார்த்தார்.

அவர் வேலை செய்த முறையைக் கவனியுங்கள். ஒரு நூலுக்கு ஒரு ஏடு கிடைத்தவுடன் அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. பல ஊர் ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். ஒருவர் ஓர் ஏட்டை வாசிக்க, மற்றவர்கள் வேறு ஏடுகளை வைத்துக்கொண்டு, எங்கே வேறுபடுகிறதோ அங்கே நிறுத்திக் குறித்துக்கொண்டார்கள். இன்று வேர்டில் ‘கம்பேர்’ என்ற ஒரு பொத்தான் இரண்டு ஃபைல்களை ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டுகிறதே, அந்த வேலையை அன்று மனிதர்கள் குரலாலும் கண்ணாலும் மாதக்கணக்கில் செய்தார்கள். பிறகு தாம் சரியென்று நினைத்த பாடத்தை மேலே அச்சிட்டு, மற்றவற்றைப் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் வைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் புறநானூற்றில் இருக்கிறது. 266ஆம் பாட்டுக்குப் பிறகு அடுத்து வருவது 269. நடுவில் உள்ள இரண்டும் கிடைக்கவில்லை. ஐயர் நினைத்திருந்தால் எண்களை நகர்த்தி அந்தப் பள்ளத்தை மூடியிருக்கலாம். மூடவில்லை. பாட்டு போய்விட்டது, ஆனால் போனது என்ற செய்தி நமக்கு வந்து சேர்ந்தது. சிதைந்த பாட்டுகளில் சொல் கிடைக்காத இடத்தில் புள்ளி புள்ளியாக விட்டார். அவர் புலமைக்கு அந்த இடத்தில் ஒரு நல்ல சொல்லை இட்டு நிரப்புவது பெரிய காரியமே இல்லை. நிரப்பியிருந்தால் அது அவர் சொல் என்று இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அதோடு, சிந்தாமணியை ஒருமுறை அச்சிட்டதோடு முடிக்கவில்லை. புதிய ஏடுகளும் புதிய விளக்கங்களும் கிடைக்கக் கிடைக்க 1907இலும் 1922இலும் திருத்திய பதிப்புகள் கொண்டுவந்தார். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய புலவர் முப்பத்தைந்து ஆண்டுகளில் தம்மைத் தாமே எப்படித் திருத்திக்கொண்டார் என்பது தெரியும். கூகுள் டாக்ஸில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதன் அச்சு வடிவம் அது.

*குற்றாலத்து ரசிகரும் திருநெல்வேலிப் பதிப்பாசிரியரும்*

இப்போது நம் ஊர்ப்பக்கம் வருகிறேன். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரைத் தெரியாதவர்கள் நம் பக்கம் இருக்க முடியாது. குற்றாலத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் இராஜாஜியும் கல்கியும் உட்கார்ந்து கம்பனைக் கேட்டார்கள். 1954இல் மறையும் வரை கம்பன் பாட்டே அவருக்கு மூச்சு. கவிதையைக் காதால் கேட்டு அனுபவிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவர். அவர் இல்லாவிட்டால் முத்தொள்ளாயிரம் இத்தனை பேர் வாயில் இருந்திருக்காது.

ஆனால் பதிப்பு என்று வரும்போது அவர் வழி வேறு. கம்பன் பெயரில் இருக்கிற பாட்டுகளில் பெரும்பகுதி பிறர் கைச்சரக்கு என்று அவர் காது சொல்லிற்று. தமக்குக் கம்பன் குரலாகப் பட்டதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். சில இடங்களில் ஏடு எழுதியவர் கெடுத்த சொல் என்று தாம் கருதியதை மாற்றியும் அமைத்தார். அந்தப் பாட்டுகளைப் படித்தால் இனிக்கத்தான் செய்யும். அவர் காதுக்குத் தப்பாத இசை அது. ஆனால் ஏட்டில் இருந்தது எது, டி.கே.சி. கருதியது எது என்று பிரித்துப் பார்க்க வாசகனுக்கு வழி வேண்டுமே என்று பதிப்பாசிரியர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி.

அதே காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இன்னொருவர் எதிர்த்திசையில் நடந்தார். எஸ். வையாபுரிப் பிள்ளை. வக்கீலாக இருந்தவர், 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்குப் பதிப்பாசிரியர் ஆனார். அந்த அகராதியின் கதையே கூட்டு வேலைக்கு ஒரு பெரிய பாடம். 1913இல் அமெரிக்க மிஷனரி ஜே.எஸ். சாண்ட்லர் தலைமையில் தொடங்கியது. மு. இராகவையங்கார் போன்ற பண்டிதர்கள் உள்ளே உட்கார்ந்து உழைத்தார்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், பிறகு ஓர் அனுபந்தம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஒருவர் பொருள் எழுத, இன்னொருவர் சரிபார்க்க, பதிப்பாசிரியர் முடிவு செய்ய வேண்டும். ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் உண்டு என்றால் எந்த நூலில் என்று மேற்கோள் இடம் சொல்லியாக வேண்டும். “எனக்குத் தோன்றுகிறது” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் இருபது ஆண்டுகளுக்கு மேல் பல கை மாறிய வேலை ஒரு நூலாக நின்றிருக்காது.

இருவரில் யார் பெரியவர் என்று நான் பட்டிமன்றம் நடத்த வரவில்லை. கவிதையை ரசிக்க டி.கே.சி.யிடம் போவேன். கம்பன் என்ன எழுதினான் என்று தெரிய வேண்டுமானால் ஏடு காட்டுகிறவரிடம் போவேன். பின்னால் வந்த கம்பன் பதிப்புகள் ஒரு நல்ல வழி கண்டன. ஐயத்துக்குரிய பாட்டுகளை ‘மிகைப் பாடல்கள்’ என்று பெயரிட்டுத் தனியே கடைசியில் அச்சிட்டன. நீக்கியாயிற்று, ஆனால் நீக்கியது என்ன என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்ப்யூட்டர் திரையில் சிவப்புக் கோடு குறுக்கே ஓடிய சொல் அழியாமல் நிற்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதான்.

*டைப் அடித்த காலம்*

எங்கள் காலத்தில் ஆய்வேடு என்றால் முதலில் கையெழுத்துப் பிரதி, பிறகு டைப்ரைட்டர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சு விசைப்பலகைதான் நம் பக்கத்து டைப்பிங் இன்ஸ்டிட்யூட் எல்லாவற்றிலும் தட்தட்டென்று ஒலித்தது. கைடு ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு ஓரத்தில் வேறு எழுதினால், பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். அடுத்த பக்கம் இடிக்கும், அதையும் அடிக்க வேண்டும். பக்கத்துக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்துக் காசு கொடுத்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். அந்தப் பயத்திலேயே பலர் திருத்தம் கேட்க மாட்டார்கள். “இருக்கிறபடியே இருக்கட்டும்” என்று கைடுகளும் விட்டுவிடுவார்கள்.

ஆனால் அந்த முறையில் ஒரு நன்மை இருந்தது. சிவப்பு மையில் கைடு எழுதிய தாள் நம் கையிலேயே இருக்கும். எது நம் சொல், எது அவர் சொல் என்று ஐம்பது ஆண்டு கழித்தும் பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் வந்ததும் வலி போயிற்று. கூடவே அந்தத் தாளும் போயிற்று. திரையில் அழித்தால் அழித்ததுதான். ஏடு பெயர்த்து எழுதியவர் காலத்துக்கே நாம் திரும்பிப் போய்விட்டோம் என்று சொல்ல வேண்டும். அதற்கு மருந்தாகத்தான் இந்த ‘ரிவ்யூ’ வசதிகள் வந்தன.

*சிவப்புக் கோடு திரைக்கு வந்த கதை*

1968 டிசம்பர் 9ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற பொறியாளர் ஒரு செயல்விளக்கம் காட்டினார். மவுஸ் என்ற கருவி பெரிய சபைக்கு முதலில் அறிமுகமானது அன்றுதான். அதைவிட ஆச்சரியமான ஒன்றையும் காட்டினார். பல மைல் தொலைவில் இருந்த அவர் கூட்டாளியும் அவரும் ஒரே ஆவணத்தை ஒரே நேரத்தில் திரையில் பார்த்துப் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். நாம் இன்று சாதாரணமாகச் செய்வதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்துகாட்டிவிட்டார்.

1970களின் முற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் ‘டிஃப்’ என்ற சிறு நிரல் எழுதினார்கள். இரண்டு ஃபைல்களைக் கொடுத்தால் எந்த வரி வேறு என்று சொல்லிவிடும். சாமிநாதையர் வீட்டில் நாலு பேர் செய்த வேலையின் எந்திர வடிவம்.

1983இல் மைக்ரோசாஃப்ட் வேர்ட் வந்தது. ஒப்பந்த வரைவுகளில் எதிர்த்தரப்பு மாற்றியதைச் சிவப்பில் காட்டுகிற பழக்கம் மேல்நாட்டு வக்கீல் அலுவலகங்களில் ஏற்கெனவே உண்டு. அந்தப் பழக்கத்தை வேர்டு ‘ரிவிஷன்’ குறிகள் என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. வேர்ட் 97இல்தான் அதற்கு ‘டிராக் சேஞ்சஸ்’ என்ற இன்றைய பெயர் வந்தது. 2006இல் கூகுள், ‘ரைட்லி’ என்ற செயலியை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கி கூகுள் டாக்ஸுக்கு அடித்தளம் போட்டது. 2014இல் அதில் ‘சஜெஸ்டிங்’ முறை வந்தது. மாற்றுவதற்குப் பதிலாக, “இப்படி மாற்றலாமா?” என்று கேட்கிற முறை. வாத்தியாராக எனக்கு அந்தப் பெயரே பிடித்திருக்கிறது.

நம் தமிழுக்கு இதெல்லாம் உடனே கிடைக்கவில்லை. தொண்ணூறுகளில் ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனிக் குறியேற்றம். நீங்கள் ஓர் எழுத்துருவில் அடித்து அனுப்பியதை அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். வாசிக்கவே முடியாத ஃபைலில் திருத்தம் எப்படிப் போடுவது? 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் ஒரு பொதுத்தரம் பேசி முடித்தார்கள். விண்டோஸ் 2000இல் தமிழ் யூனிகோடு உள்ளேயே வந்தது. அதற்குப் பிறகுதான் தென்காசியில் அடித்த கட்டுரையை டொராண்டோவில் ஒருவர் திறந்து ஓரத்தில் குறிப்பு எழுத வழி பிறந்தது.

அதற்கும் முன்பே சிலர் இந்தச் சிரமத்தோடு மல்லுக்கட்டிக் கூட்டாக வேலை செய்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அப்படிப்பட்டது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். அந்த நூல்களின் முகப்பைப் பாருங்கள். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று பெயர் போட்டிருக்கும். சாமிநாதையர் தமக்கு ஏடு கொடுத்தவர்கள் பெயரை முகவுரையில் நன்றியோடு எழுதிய வழக்கத்தின் தொடர்ச்சிதான் அது.

*ஒரு சொல் மாறினால் என்ன ஆகும்?*

“திருத்தம் யாருடையது என்பதற்கு இவ்வளவு முக்கியத்துவமா?” என்று நீங்கள் கேட்கலாம். 2003ஐ எடுத்துக்கொள்வோம். ஈராக் போருக்குச் சற்று முன், பிப்ரவரி மாதம், பிரிட்டிஷ் அரசு ஈராக்கின் உளவு அமைப்புகளைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. கேம்பிரிட்ஜ் ஆசிரியர் கிளென் ரங்வாலா அதைப் படித்துவிட்டு, “இதை நான் ஏற்கெனவே எங்கோ படித்திருக்கிறேனே” என்று தேடினார். பெரும்பகுதி இப்ராஹிம் அல்-மராஷி என்ற ஆய்வு மாணவர் 2002இல் ஓர் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து, பெயர் சொல்லாமல் எடுத்தது. மாணவரின் எழுத்துப்பிழைகள்கூட அப்படியே வந்திருந்தன.

பிழையைத் திருத்தாதவர்கள் வேறொன்றைத் திருத்தியிருந்தார்கள். பகை நாடுகளில் உள்ள ‘எதிர்ப்புக் குழுக்களுக்கு’ உதவுவது என்று மாணவர் எழுதியது, ‘பயங்கரவாத அமைப்புகளை’ ஆதரிப்பது என்று மாறியிருந்தது. ஒரு சொல்தான். போர் வேண்டுமா வேண்டாமா என்று உலகம் விவாதித்த வாரத்தில் அந்தச் சொல்லின் எடை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆவணத்தை வேர்ட் ஃபைலாகவே இணையத்தில் வைத்திருந்தார்கள். அதை ஆராய்ந்தவர்கள், கடைசியாகக் கைவைத்த அதிகாரிகளின் பெயர்கள் உள்ளே பதிவாகி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தடம் வேண்டாம் என்று நினைத்தவர்களையும் தடம் காட்டிக்கொடுத்தது.

நம் அளவிலும் இது நடக்கிறது. உறவுப் பெண் ஒருத்தி, கிணற்று நீரின் உப்பைப் பற்றி மூன்று பேரோடு சேர்ந்து கட்டுரை எழுதினாள். அவள் எழுதியது ‘தொடர்பு இருக்கலாம்’. கடைசிச் சுற்றில் வந்த ஃபைலில் ஒரு சிவப்புக் கோடும் இல்லை, எல்லாம் சுத்தமாக இருந்தது. அவளுக்கு ஏதோ உறுத்தவே, தன்னிடம் இருந்த பழைய ஃபைலோடு ‘கம்பேர்’ போட்டுப் பார்த்தாள். அந்த வரி ‘தொடர்பு உறுதியாகிறது’ என்று மாறியிருந்தது. அவள் எடுத்த அளவீடுகள் அவ்வளவு உறுதி சொல்லவில்லை. அனுப்பியிருந்தால் அவள் பெயரில் அவள் சொல்லாத முடிவு அச்சாகியிருக்கும். பேசிச் சரிசெய்துவிட்டார்கள். பழைய ஃபைலை அவள் வைத்திருந்ததால் பேச முடிந்தது.

*பிள்ளைகளுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்*

1. ஃபைலைப் பிறருக்கு அனுப்புமுன் ‘ரிவ்யூ’ பகுதியில் டிராக் சேஞ்சஸை நீங்களே இயக்கிவிட்டு அனுப்புங்கள். யாரும் மறந்து அணைத்துவிடாமலிருக்க ‘லாக் டிராக்கிங்’ என்று கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதியும் உண்டு. வேர்டில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைக் கம்ப்யூட்டரில் அடித்தால் கடைக்காரர் பெயரில் திருத்தம் விழும்.

2. சொல்லை மாற்றுவது திருத்தம். “இதற்கு ஆதாரம் என்ன?” என்று கேட்பது கமென்ட். இரண்டையும் குழப்பாதீர்கள். கேள்வியை வாக்கியத்துக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது ஒருநாள் அப்படியே அச்சாகிவிடும்.

3. தமிழில் திருத்தும்போது முழுச் சொல்லையும் மாற்றுங்கள். ஓர் எழுத்தின் கொம்பை மட்டும் அழித்துக் காலை மட்டும் சேர்த்தால், திரையில் குறிகள் தனித்தனியாகப் பிரிந்து நின்று, படிப்பவர் தடுமாறுவார். ஏடு வாசித்த கஷ்டம் மறுபடி வந்துவிடும்.

4. ‘நோ மார்க்கப்’ என்று வைத்தால் கோடுகள் கண்ணுக்கு மறையுமே தவிர, உள்ளே அப்படியே இருக்கும். அதை நம்பிச் சமர்ப்பித்துவிடாதீர்கள். முடிவுப் பிரதியில் ஒவ்வொரு திருத்தத்தையும் ஏற்றோ மறுத்தோ தீர்த்துவிட்டு, ‘இன்ஸ்பெக்ட் டாகுமென்ட்’ போட்டுப் பாருங்கள். உங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்பைத் தேர்வாளர் படிக்க வேண்டியதில்லை.

5. ஒவ்வொரு சுற்றையும் தேதி போட்டுத் தனி ஃபைலாக வையுங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் ஒரிஜினல்’ என்று பெயர் வைத்தால் நீங்களே தொலைந்துபோவீர்கள். இப்போது ஒரு மாணவர் நன்றாக எழுதினாலே, “எந்திரம் எழுதிக்கொடுத்ததா?” என்று சந்தேகம் கேட்கிற காலம். முதல் வரைவிலிருந்து கடைசி வரை படிப்படியாக வளர்ந்த ஃபைல்கள் உங்களிடம் இருந்தால், அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

6. இப்போது அந்த ‘அக்செப்ட் ஆல்’. கைடு போட்டது ஐம்பது திருத்தம் என்றால் ஐம்பதையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள். நாற்பது சந்திப்பிழையாக இருக்கும், வணங்கி ஏற்றுக்கொள்ளுங்கள். ஏழில் அவர் உங்களைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பார், கற்றுக்கொள்ளுங்கள். மீதி மூன்றில் அவர் உங்கள் கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அங்கே ‘ரிஜெக்ட்’ அழுத்தும் முன், கமென்டில் மரியாதையாக, “ஐயா, என் தரவு இப்படிச் சொல்கிறது, ஆகவே பழைய வாக்கியம் இருக்கட்டுமா?” என்று எழுதுங்கள். நல்ல கைடு கோபப்பட மாட்டார். வாய்மொழித் தேர்வில் உங்களிடம் கேள்வி கேட்கும்போது, “அது கைடு மாற்றியது” என்று சொல்ல முடியாது. அங்கே நிற்பது உங்கள் பெயர்.

கைடு பொறுப்பில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, பிள்ளையின் தமிழைவிட உங்கள் தமிழ் அழகாகவும் இருக்கும். அதனாலேயே தடம் விட்டுத் திருத்துங்கள். ரசிகமணியைப் போன்ற ஒருவர் மாற்றிய சொல்லையே, எது யாருடையது என்று காட்டச் சொல்லிக் கேட்டவர்கள் நம் முன்னோர். நமக்கு மட்டும் விலக்கு கிடையாது. சிவப்புக் கோட்டோடு, ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுதினால், அந்தப் பிள்ளை அடுத்த கட்டுரையில் அந்தப் பிழையைச் செய்யாது. கோடு இல்லாமல் மாற்றிக் கொடுத்தால் கட்டுரை நன்றாகும், பிள்ளை அப்படியே இருக்கும்.

நூறாண்டு கழித்து உங்கள் ஆய்வேட்டை ஒருவர் எடுத்துப் படிப்பார் என்று நினைத்து வேலை செய்யுங்கள். கும்பகோணத்து வாத்தியார் இரண்டு பாட்டுக்கான இடத்தைக் காலியாக விட்டது அப்படி ஒருவருக்காகத்தான். அது நமக்காகத்தான் என்றும் சொல்லலாம்.

இந்தப் பதிவில் ஆண்டோ பெயரோ திருத்த வேண்டியிருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
சுந்தரபாண்டியபுரம்